வசதியான ஏரியா, வெறிச்சோடிய மால்: கடையைத் தொடரலாமா?

கேள்வி: சென்னைப் புறநகரில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஓர் உயர்தர மாலில், இரண்டாவது மாடியில் கைத்தறிச் சேலையும் குர்தாவும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் கேட்டட் கம்யூனிட்டிகளும் வில்லாக்களும்தான். ஒன்றரைக் கோடிக்குக் குறைந்து வீடு கிடையாது. கட்டடமும் அருமையாக இருக்கும். இருந்தும் ஆள் வருவதில்லை. வார நாட்களில் இரண்டு மூன்று பில் போட்டாலே பெரிய விஷயம். சனி, ஞாயிறில் ஏழெட்டு. விளம்பரம் போதவில்லை என்கிறார் மால் மேனேஜர். ஆன்லைன்தான் காரணம் என்கிறார் கணவர். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ரசனை போதாது என்பது என் எண்ணம். நான்கு மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது. வாடகையில் 10 சதவீதம் குறைக்கிறோம், மூன்று வருடத்துக்கு வெளியேற முடியாத லாக்-இன்னோடு கையெழுத்திடுங்கள் என்கிறார்கள். தொடரலாமா? கணக்கு விவரம், மாலின் வரைபடம், சில போட்டோக்கள் அனுப்பியிருக்கிறேன்.

– பெயரும் ஊரும் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பத்து சதவீதத்துக்காக அந்த மூன்று வருட லாக்-இன்னில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதம் இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். நோட்டீஸ் காலத்தைக் கழித்துப் பார்த்தால் உங்களிடம் இருப்பது ஒரு மாதம்தான்.

நீங்கள் மூவரும் சொல்லும் காரணங்களை எடுத்துக்கொள்வோம். ஆன்லைன் எல்லா மாலுக்கும் ஒரே மாதிரிதான் போட்டி. அதே ஆன்லைன் காலத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை மாலை வேளச்சேரி பீனிக்ஸ் மாலில் வண்டி நிறுத்த இடம் தேடி மாடி மாடியாகச் சுற்றுகிறார்கள். விளம்பரம் முதல் தடவை ஆளைக் கூட்டிவரும், இரண்டாவது தடவை கூட்டிவராது. உங்கள் மால் திறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பக்கம் குடியிருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது உள்ளே வந்து பார்த்திருப்பார்கள். பார்த்தவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்பதுதான் கேள்வி. ரசனை விஷயத்தில் உங்கள் வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் அநியாயம் செய்கிறீர்கள். அவர்கள் கைத்தறி வாங்குகிறார்கள். காஞ்சிபுரத்துக்கும் தி.நகருக்கும் போய் வாங்குகிறார்கள்.

இனி வசதி. ஒன்றரைக் கோடி வீட்டில் இருப்பவரிடம் ஒன்றரைக் கோடி இருக்கிறது என்று பொருளில்லை. பெரும்பாலும் மாதம் ஒரு லட்சத்துக்குப் பக்கமாக இஎம்ஐ இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு எட்டரைக்குத் திரும்புகிறவர்கள். வார நாட்களில் அந்த வில்லாக்களில் யார் இருக்கிறார்கள்? தாத்தா, பாட்டி, பள்ளி விட்டு வந்த பிள்ளைகள், சமையலுக்கு வரும் அம்மா. உங்கள் மால் கட்டியவர்கள் வீட்டு விலையைப் பார்த்தார்கள், செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு அந்த வீட்டில் யார் கதவைத் திறக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

இதெல்லாம் கிளைக் காரணங்கள். வேர்க் காரணம் வேறு. புறநகர் மாலுக்குக் கையில் இருக்கும் ஒரே பலம் 'பக்கத்தில் இருக்கிறது' என்பதுதான். கடைகளின் எண்ணிக்கையில் நகரத்து மாலோடு போட்டி போட முடியாது, பெயரிலும் முடியாது. அந்த ஒரே பலத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பதற்கு மதிப்பே இல்லாத சரக்கை விற்க உட்கார்ந்தால் என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். மக்கள் எந்தக் கடைத்தெருவுக்குப் போவார்கள் என்பதைப் புவியீர்ப்பு போலக் கணக்கிடலாம் என்று அமெரிக்காவில் வில்லியம் ரெய்லி என்பவர் 1931-ல் சொன்னார். 1960-களில் டேவிட் ஹஃப் அதைச் செம்மைப்படுத்தினார். இன்றும் கடைகளுக்கு இடம் பார்த்துச் சொல்லும் எங்கள் தொழிலில் இடம் பார்க்கும்போது முதலில் போடுவது இந்தக் கணக்கைத்தான். இடம் பெரிதாக இருந்தால் இழுப்பு கூடும், போய்ச்சேர ஆகும் நேரம் கூடக்கூட இழுப்பு குறையும். விஷயம் இதோடு முடியவில்லை. நேரம் எவ்வளவு வேகமாக இழுப்பைக் குறைக்கும் என்பது வாங்கப் போகும் பொருளைப் பொறுத்தது. பாலுக்கும் தக்காளிக்கும் யாரும் அரை மணி நேரம் வண்டி ஓட்டமாட்டார்கள். கல்யாணப் பட்டுக்கு மூன்று மணி நேரம் போவார்கள், குடும்பத்தோடு, சந்தோஷமாக.

உங்கள் வரைபடத்தின்படி மால் 2 லட்சம் சதுர அடி, வில்லாக்களில் இருந்து 10 நிமிடம். வேளச்சேரி பீனிக்ஸ் சுமார் 10 லட்சம் சதுர அடி, உங்கள் பக்கத்தில் இருந்து அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அன்றாடப் பொருளுக்கு மாலின் அளவை நேரத்தின் வர்க்கத்தால் (நேரத்தை நேரத்தாலேயே பெருக்கி) வகுப்பது வழக்கம். அப்படிப் போட்டால் நூறு பேரில் 64 பேர் உங்கள் மாலுக்கு வரவேண்டும். பிராண்டட் துணி, கைக்கடிகாரம், நகை போன்றவற்றுக்கு நேரத்தின் எடை குறைவு, வர்க்கமாக்காமல் வெறும் நேரத்தால் வகுத்தால் 37 பேர்தான் வருவார்கள். வரைபடத்தில் நீங்கள் சிவப்பு மையால் அடித்துக் காட்டியிருக்கும் மூடிய கடைகளை எண்ணிப் பார்த்தேன், கிட்டத்தட்டப் பாதி. அப்படியானால் உங்கள் மாலின் உண்மையான அளவு 1 லட்சம் சதுர அடிதான். கணக்கைத் திரும்பப் போட்டால் 37 என்பது 23 ஆகிறது. இது தோராயக் கணக்கு, இந்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் திசையைக் கவனியுங்கள். அதே இடம், அதே ஜனம். மளிகை விற்றிருந்தால் முந்தியிருக்கக்கூடிய மால், வாட்சும் வாசனைத் திரவியமும் விற்கப் போய்ப் பின்தங்கி நிற்கிறது.

தரைத்தளத்தில் நுழைந்ததும் இருக்கும் முதல் ஆறு கடைகளைப் பாருங்கள். இறக்குமதி வாட்ச், வாசனைத் திரவியம், இத்தாலியச் சோபா, வைரநகை, தோல்பை, ஒரு கார் ஷோரூம். ஒரு வீட்டுக்கு இத்தாலியச் சோபா எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை வேண்டும்? சூப்பர் மார்க்கெட்டை அடித்தளத்தில் பின்பக்கமாகத் தள்ளி, அதையும் 'கூர்மெட்' (உயர்ரக உணவுக் கடை) என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஆலிவ் எண்ணெயில் எட்டு வகை இருக்கிறது, இட்லி அரிசி இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியிலேயே உங்கள் கேள்விக்குப் பதில் பாதி இருக்கிறது. இட்லி அரிசிக்கு மாதம் ஒரு தடவையாவது வருவார்கள், கூடவே கறிவேப்பிலைக்கு வாரம் இரண்டு தடவை. அந்த வருகையில்தான் மேல்மாடியில் உள்ள சேலைக்கடை கண்ணில் படும்.

உயர்தர மால்கள் ஜெயிக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். ஜெயித்திருக்கின்றன. எப்படி ஜெயித்தன என்று பாருங்கள். சென்னையில் பல்லேடியம் 2018-ல் திறந்தது. அது தனியாக எங்கோ போய் நிற்கவில்லை, 2013-ல் இருந்தே கூட்டம் வந்துகொண்டிருந்த பீனிக்ஸின் தோளோடு ஒட்டி நின்றது. சினிமாவுக்கு வந்தவர், பிள்ளைகளுக்கு ஷூ வாங்க வந்தவர், அப்படியே அந்தப் பக்கமும் நடந்து போகிறார். டில்லி வசந்த் குஞ்ஜில் 2008-ல் வந்த டிஎல்எஃப் எம்போரியோ நாட்டின் மிக ஆடம்பரமான மால்களில் ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே புரொமனேட், ஆம்பியன்ஸ் என்று நடுத்தரக் குடும்பங்கள் வரும் இரண்டு மால்கள். பெங்களூரு யுபி சிட்டியோ நகரின் நடுவில், அலுவலகக் கோபுரங்களோடு சேர்ந்தே இருக்கிறது. விலை உயர்ந்த கடை கூட்டத்தை உருவாக்காது. வேறு யாரோ உருவாக்கிய கூட்டத்தில் இருந்து தனக்கு வேண்டியவரைப் பொறுக்கிக்கொள்ளும். உங்கள் மாலில் பொறுக்குவதற்குக் கூட்டமே இல்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பாடமே இருக்கிறது. வாஷிங்டனின் புறநகரான மேரிலாந்தின் மாண்ட்கோமரி கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), அந்த நாட்டின் வசதியான கவுண்டிகளில் ஒன்று. அங்கே 1977-ல் ஒயிட் ஃப்ளிண்ட் என்ற உயர்தர மால் திறந்தது. ப்ளூமிங்டேல்ஸ், லார்ட் அண்ட் டெய்லர், ஐ. மேக்னின் என்று மூன்று பெரிய கடைகள். தள்ளுபடிக் கடை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆரம்பத்தில் நன்றாகவே ஓடியது. சுற்றுவட்டாரத்தில் பெரிய மால்கள் விரிவாகிக்கொண்டே போயின. ஐ. மேக்னின் 1992-ல் மூடிற்று. 2012-ல் ப்ளூமிங்டேல்ஸ் போனது. 2015 தொடக்கத்தில் மால் மூடி, பிறகு இடித்தார்கள். அந்த வட்டாரத்தில் பணம் குறைந்துவிடவில்லை, மெட்ரோ ரயில் நிலையம்கூட பக்கத்திலேயே இருந்தது. பணக்காரர்கள் அங்கேயேதான் இருந்தார்கள், கடைக்கு மட்டும் வேறு இடம் போனார்கள். இந்த மாலின் கதையில் உங்கள் ஒப்பந்தத்துக்கு வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

போட்டோக்களுக்கு வருகிறேன். மூன்றாவது போட்டோவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று மாலின் முகப்பை எடுத்திருக்கிறீர்கள். நடுவில் இரும்புத் தடுப்பு. பஸ் ஸ்டாப் நீங்கள் நிற்கும் பக்கம். மால் இருப்பது காலையில் நகரத்துக்குப் போகிறவர்களின் பக்கம். காலை எட்டரைக்கு அவ்வழியே ஆயிரக்கணக்கில் கார்கள் போகும், மால் திறப்பது பதினொன்றுக்கு. அவர்கள் வீடு திரும்பும் இரவு எட்டு மணிக்கு மால் திறந்திருக்கும், ஆனால் எதிர்ப்பக்கம். யூ-டர்ன் எங்கே என்று கேட்டதற்கு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி என்று எழுதியிருந்தீர்கள். ஆபீஸில் இருந்து களைத்து வருகிறவர் ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டிப் போய்த் திரும்பி, மாலில் நுழைந்து, வெளியே வந்து, மறுபடி வீட்டுப் பக்கம் திரும்ப இன்னொரு யூ-டர்ன் தேடமாட்டார். வீட்டுக்குப் போகும் பக்கம் இருக்கும் பேக்கரியில் நிறுத்தி ரொட்டி வாங்கிக்கொண்டு போய்விடுவார். எங்கள் தொழிலில் இடம் தேடும்போது சாலையில் இது எந்தக் கை என்று கேட்பது முதல் கேள்வி. பலகோடி போட்டுக் கட்டுகிறவர்கள் அதை ஏன் கேட்பதில்லை என்பது எனக்கு இன்றும் விளங்காத விஷயம். நிலம் மலிவாகக் கிடைத்திருக்கும், வேறென்ன.

அடுத்த போட்டோவில் டூவீலர் பார்க்கிங். கட்டடத்தின் பின்னால் சுற்றிப் போய், செங்குத்தான சரிவில் இறங்கி, லிஃப்ட் இல்லாத மூலையில் விட வேண்டும். வில்லாவில் இரண்டு கார் நிற்கலாம், கறிவேப்பிலைக்கும் மாத்திரைக்கும் நம் ஊரில் எடுப்பது ஸ்கூட்டியைத்தான். ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்மணிதான் உங்கள் சேலைக்கடைக்கு வர வேண்டியவர். அவரை வாட்ச்மேன் விசில் அடித்துப் பின்பக்கம் அனுப்புகிறார். ஆட்டோவை உள்ளே விடுவதில்லை, பாட்டி கேட்டில் இறங்கி வெயிலில் நடக்க வேண்டும். நடந்து உள்ளே வந்தால் உட்கார ஒரு பெஞ்ச் இல்லை. 'சும்மா வந்து உட்காருகிறார்கள்' என்று எடுத்துவிட்டார்களாம். வார நாளில் வரக்கூடியவர்கள் தாத்தா பாட்டிகள்தான் என்று மேலே சொன்னேன். அவர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், மால் அவர்களை எழுப்பி அனுப்பிவிட்டது. உட்கார்ந்திருப்பவர் அரை மணி நேரத்தில் ஒரு காபி குடிப்பார். அந்தக் காபியும் அங்கே 280 ரூபாய்.

மூடிய கடைகளின் ஷட்டர் மேல் ஒட்டியிருக்கும் 'விரைவில்' ஸ்டிக்கர்களும் போட்டோவில் தெரிகின்றன. சிலவற்றில் ஓரம் சுருண்டு நிறம் வெளுத்துவிட்டது. மால் பற்றி ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்து முடிவு செய்யச் சொன்னால் நான் அந்த ஸ்டிக்கரின் வெளுப்பைப் பார்ப்பேன்.

வரைபடத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. தரைத்தளத்தில் பாதிக் கடைகள் தனி முதலீட்டாளர்களுக்கு விற்கப்பட்டவை. கட்டும்போது பணம் புரட்ட இப்படி விற்பது நம் நாட்டில் ஒரு காலத்தில் சாதாரணம். விற்றபிறகு எந்தக் கடை எங்கே வரவேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒருவர் வாடகை அதிகம் கேட்டு வருடக்கணக்கில் பூட்டி வைப்பார், பக்கத்துக் கடைக்காரர் கிடைத்தவருக்கு விடுவார். சென்னையின் பழைய பெருமையான ஸ்பென்சர் பிளாசாவில் இதைத்தான் பார்த்தோம். 1991-ல் புதிதாக எழுந்தபோது ஊரே திரண்டது. கடைகள் பலருக்குச் சொந்தமாகப் பிரிந்து கிடந்ததால், புதிய மால்கள் வந்தபோது ஒன்றுசேர்ந்து மாற்றிக்கொள்ள அதனால் முடியவில்லை. எக்ஸ்பிரஸ் அவென்யூ, பீனிக்ஸ் போன்றவை ஒரே உரிமையாளர் கையில் வாடகைக்கு விடப்படுபவை. வேண்டாத கடையை எடுத்துவிட்டு வேண்டியதைக் கொண்டுவர அவர்களால் முடியும். உங்கள் மேனேஜர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் நினைத்தாலும் தரைத்தளத்தில் ஒரு மருந்துக்கடையைக் கொண்டுவர முடியாது. அதனால்தான் பொங்கலுக்குக் கோலப்போட்டி, ஞாயிறன்று பாட்டுக் கச்சேரி என்று இறங்குகிறார். கச்சேரிக்கு வரும் கூட்டம் கச்சேரி முடிந்ததும் பார்க்கிங்குக்குத்தான் போகும்.

இப்போது உங்கள் கணக்கு. வார நாளும் வார இறுதியும் சேர்த்து மாதம் சுமார் 120 பில், சராசரி 1,900 ரூபாய். விற்பனை 2,28,000. கைத்தறியில் உங்கள் லாப விகிதம் 40 சதவீதம் என்கிறீர்கள், ஆக 91,200. வாடகை 520 சதுர அடிக்கு 120 ரூபாய் வீதம் 62,400. மெயின்டனன்ஸ் 28 ரூபாய் வீதம் 14,560. இரண்டும் சேர்ந்து 76,960. இரண்டு பெண்களுக்குச் சம்பளம் 32,000. மாதம் 17,760 ரூபாய் நஷ்டம். கரண்ட் பில்லும் கார்டு மெஷின் கமிஷனும் தேங்கிய சரக்கும் இதில் சேரவில்லை. துணிக்கடைக்கு இடச்செலவு விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு. உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு போகிறது.

இன்னொரு ஓட்டை உங்கள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன். வாடகைக்கும் மெயின்டனன்ஸுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி, மாதம் 13,850 ரூபாய் சொச்சம். 'அது இன்புட் கிரெடிட்டில் வந்துவிடும்', அதாவது நீங்கள் வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே வரும்? சேலைக்கு நீங்கள் வசூலிப்பது 5 சதவீதம், 11,400 ரூபாய். கொள்முதலுக்குக் கட்டிய வரியைக் கழித்தால் மிஞ்சுவது நாலாயிரத்து ஐந்நூறு. அதில் 13,850-ஐக் கழிக்க முடியாது. மாதம் ஒன்பதாயிரத்துக்கு மேல் கிரெடிட் லெட்ஜரில் சேர்ந்துகொண்டே போகும். சரக்குக்குக் கட்டிய வரி விற்பனை வரியைவிட அதிக விகிதத்தில் இருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம், வாடகை போன்ற சேவைக்குக் கட்டியதற்கு அந்த வழியில் ரீஃபண்ட் கிடையாது. ஆடிட்டரிடம் லெட்ஜரில் எவ்வளவு நிற்கிறது என்று இன்றே கேளுங்கள். அதையும் சேர்த்தால் உங்கள் நஷ்டம் மாதம் 27,000-ஐத் தொடும்.

அவர்கள் தரும் 10 சதவீதக் குறைப்பு என்பது மாதம் 6,240 ரூபாய். பதிலுக்கு நீங்கள் தருவது என்ன? குறைத்த வாடகையும் மெயின்டனன்ஸும் மாதம் 70,720. லாக்-இன் என்றால் கடையை மூடினாலும் 36 மாதம் கட்டியே ஆகவேண்டும். பெருக்கினால் 25,45,920 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அவர்கள் நீட்டும் காகிதம் உங்கள் பெயரில் 25 லட்சத்துக்கு எழுதப்படும் கடன் பத்திரம்.

மேலே பாதியில் நிறுத்திய ஒயிட் ஃப்ளிண்ட் கதைக்கு வருகிறேன். மால் மூடும் நிலைக்கு வந்தபோது லார்ட் அண்ட் டெய்லர் போக மறுத்தது. 1975-ல் போட்ட ஒப்பந்தத்தில், அந்த இடத்தை 2042 வரை முதல்தர மாலாக வைத்திருக்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். வழக்குப் போட்டார்கள். 2015-ல் ஜூரி 3.1 கோடி டாலர் நஷ்டஈடு தரச் சொன்னது. மால் செத்தால் தனக்கு என்ன கிடைக்கும் என்பதை, மால் பிறப்பதற்கு முன்பே எழுதி வாங்கிய கடை அது. 520 சதுர அடிக்காரருக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஆனால் பாதிக் கடை மூடிக் கிடக்கும் மாலில், திறந்திருக்கும் ஒவ்வொரு கடைக்காரருக்கும் பேரம் பேசும் பலம் உண்டு. உங்கள் ஷட்டரிலும் 'விரைவில்' ஒட்டுவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

ஆகவே வாடகைக் குறைப்பு கேட்காதீர்கள், வாடகை முறையையே மாற்றச் சொல்லுங்கள். மினிமம் கேரண்டி (குறைந்தபட்ச வாடகை) இல்லாமல் விற்பனையில் 15 சதவீதம். இன்றைய விற்பனையில் அது 34,200. மெயின்டனன்ஸ் சேர்த்து 48,760, அதாவது விற்பனையில் 21 சதவீதம். சம்பளம் போக மாதம் பத்தாயிரம் கையில் நிற்கும், கரண்ட் பில்லும் கழிக்க முடியாமல் நிற்கும் ஜிஎஸ்டியும் அதிலிருந்துதான் போகவேண்டும். பெரிய லாபம் இல்லை, ரத்தக் கசிவு நிற்கும். கூட்டம் வந்தால் அவர்களுக்கும் வருமானம் கூடும், கூட்டிவருவது அவர்கள் பொறுப்பாகிவிடும். லாக்-இன் என்றால் ஆறு மாதத்துக்கு மேல் வேண்டாம். சூப்பர் மார்க்கெட் மூடினாலோ, திறந்திருக்கும் கடைகள் பாதிக்குக் கீழே போனாலோ, ஒரு மாத நோட்டீஸில் டெபாசிட்டோடு வெளியேறலாம் என்று எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம். முடிந்தால் அடித்தளத்தில் சூப்பர் மார்க்கெட் பில்லிங் கவுன்டரைப் பார்த்தமாதிரி ஒரு கடை கேளுங்கள், 200 சதுர அடி போதும். இரண்டாவது மாடி அழகு, அடித்தளம் வியாபாரம். 520 என்று பில் போடும் உங்கள் கடையின் கார்ப்பெட் ஏரியா (உள்ளே புழங்கும் இடம்) 310 என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 210 சதுர அடி நடைபாதைக்கும் எஸ்கலேட்டருக்கும் நீங்கள் தரும் வாடகை. ஆள் நடக்காத நடைபாதைக்கு. அதையும் பேச்சில் கொண்டுவாருங்கள்.

பேசப் போகும் முன் உங்கள் கையில் சில தகவல் வேண்டும். மால் மேனேஜர் காட்டும் ஃபுட்ஃபால் (வருகிறவர்களின்) எண்ணை நம்பாதீர்கள், வாசல் கருவி ஹவுஸ்கீப்பிங் ஆட்களையும் ஸ்விகி பையன்களையும் சேர்த்தே எண்ணும். ஒரு செவ்வாய் மாலையும் ஒரு சனி மாலையும் வெளியே போகும் வாசலில் நின்று, போகிறவர்களின் கைகளைப் பாருங்கள். எத்தனை பேர் கையில் பை இருக்கிறது, எந்தக் கடைப் பை? கடைக்கு வருகிறவர்களிடம் பில் போடும்போது, "வேறென்ன வேலையா மாலுக்கு வந்தீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் போதும். பாதிக்கு மேல் "உங்க கடைக்குத்தான் வந்தோம்" என்று சொன்னால், கூட்டத்தைக் கொண்டுவருவது நீங்கள், மால் இல்லை. நீங்கள் எங்கே போனாலும் அவர்கள் வருவார்கள். அவர்களை நம்பி வெளியே வரலாம்.

எனக்கென்னவோ அந்த நோட்டில் அப்படித்தான் வரும் என்று படுகிறது. வந்தால், மாலுக்கு எதிர்ப்பக்கம், வீட்டுக்குத் திரும்பும் கையில், ஸ்கூட்டி நிறுத்த இடம் இருக்கும் தரைத்தளக் கடை ஒன்றைப் பாருங்கள். பேக்கரி, மெடிக்கல், டியூஷன் சென்டர் இருக்கும் வரிசையாக இருக்கட்டும். பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கும் அம்மாக்களுக்கு ஈடான வாடிக்கையாளர் கிடையாது. சேலையோடு நிறுத்தாமல் ஃபால்ஸ் தைப்பது, பீக்கோ போடுவது, ரவிக்கை தைத்துத் தருவது என்று சேருங்கள். அதில் வரும் காசு சொற்பம். ஆனால் துணி கொடுக்க ஒரு தடவை, வாங்க ஒரு தடவை, கை இறுக்கமாக இருக்கிறது என்று ஒரு தடவை வருவார்கள். வருடத்துக்கு மூன்று சேலை வாங்குகிறவர் பத்து தடவை கடைக்குள் நுழைவார், நுழையும்போதெல்லாம் புதுச்சரக்கு கண்ணில் படும். வில்லாக்களின் கிளப்ஹவுஸில் சனிக்கிழமை ஸ்டால் போட அசோசியேஷனில் கேளுங்கள். நவராத்திரிக்கு முன்னும் பொங்கலுக்கு முன்னும் கட்டாயம் போடுங்கள்.

கிளம்புவது என்று முடிவானால் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். ஒப்பந்தத்தில் சொன்ன முகவரிக்கு, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். டெபாசிட்டில் 'ரீஸ்டோரேஷன்' (கடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு) என்று பிடித்துக்கொள்வது வழக்கம். அதனால் காலி செய்யும் அன்று தரை, கூரை, ஏசி டக்ட், ஷட்டர் எல்லாவற்றையும் மேனேஜரை வைத்துக்கொண்டே வீடியோ எடுத்து, சாவி பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.